அந்தப் பாடத்தைத் தாண்டிப் போக வேண்டாம்



உயர்தர உயிரியலில் உயிரின் தோற்றம் பற்றிய பகுதி வந்தால் ஆசிரியர்களாகிய நாங்கள் பலர் செய்வது ஒன்றுதான். "பரீட்சைக்கு வரும், பாடமாக்கிக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பிள்ளை கேள்வி கேட்டால், "ஈமானுக்குக் கூடாது" என்று வாயை அடைக்கிறோம். இது பிழை என்பதே எங்கள் கருத்து.

இந்தத் துறையில் உலகம் அறிந்த ஒருவர் நம் நாட்டவர். பேராசிரியர் சிரில் பொன்னம்பெரும 1923இல் காலியில் பிறந்தவர், நாசாவில் பணியாற்றியவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அவருடைய குழு அமினோ அமிலங்களைக் கண்டது. பூமியின் உயிர்கள் பெரும்பாலும் இடது வகை அமினோ அமிலங்களையே பாவிக்கின்றன. அந்தக் கல்லிலோ இடதும் வலதும் கிட்டத்தட்ட சம அளவில் இருந்தன. அதனால்தான் அவை விண்ணிலிருந்து வந்தவை என்று சொல்ல முடிந்தது. இவருடைய பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பூமியின் வயது சுமார் 454 கோடி வருடம். நம் கிழக்கு மாகாணத்தின் பெரும்பகுதி நிற்கும் 'விஜயன் தொகுதி'ப் பாறைகள் பல சுமார் 100 கோடி வருடப் பழமையானவை. அவை உருவாகும்போதே உயிர் தோன்றி 200 கோடி வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை வளியில் முதன்முதலில் சேர்த்தவை கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை அல்காக்கள். அவற்றின் இனத்தவை இன்றும் குளங்களிலும் வாவிகளிலும் வாழ்கின்றன.

ஆனால் அமினோ அமிலம் உயிர் அல்ல. அதிலிருந்து முதல் கலம் எப்படி வந்தது என்பதை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்வதுதான் ஆசிரியரின் அமானிதம். படைப்பு எப்படித் தொடங்கியது என்று பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொல்வது நம் அல்குர்ஆன். அதை ஓதுகிற நாம் கேள்விக்குப் பயப்படலாமா?

நாம் வாயை அடைத்தால் பிள்ளை கேள்வியை விட்டுவிடாது. இரவில் தனியே போனில் தேடும். மார்க்கமா, விஞ்ஞானமா, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று யாரோ சொல்வதை நம்பும். பிறகு ஒன்றைக் கைவிடும். அந்த நட்டம் நமக்குத்தான்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியாது மகன், சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். வகுப்பில் நாங்களும் அப்படியே சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.