இணையத்தில் நிதி திரட்டும் முன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் மகளை எங்கள் பிரிவில் சேர்த்தார். பதினாறு வயது, இரத்தப் புற்றுநோய். இரண்டாம் சுற்று மருந்து தொடங்கிய வாரத்தில், உறவினர் ஒருவர் இணையவழி நிதிதிரட்டும் தளம் ஒன்றில் அவளுக்காக ஒரு பக்கம் தொடங்கினார். முடி உதிர்ந்த தலை, கையில் ஏற்றிய ஊசி, அழும் தாய் என மூன்று படங்கள். பணம் வந்தது. ஆனால் தளம் காட்டிய தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பிடித்தம் போக, எஞ்சியதே குடும்பத்தாருக்குக் கிடைத்தது. அதுவும் ஐந்து வாரம் கழித்து. அதற்குள் தாயின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது.

பிறகொரு நாள் அத்தந்தையின் சம்பளச் சீட்டைப் பார்க்க நேர்ந்தது. மாதந்தோறும் இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. அந்தக் காப்பீடு தம் மகளுக்கும் உதவும் என்பது அவருக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை. செலவு மதிப்பீட்டுக் கடிதம் வேண்டுமென்றார், கையொப்பமிட்டுக் கொடுத்தோம். எங்கள் கடமை அத்துடன் முடிந்ததாக எண்ணினோம். அது எங்கள் பிழை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

பிறரிடம் உதவி கேட்பது இழிவன்று. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை பொதுமக்களின் நன்கொடைகளால் வளர்ந்தது. அன்று உண்டியலும் ரசீதுப் புத்தகமும் இருந்த இடத்தில் இன்று இணையத் தளங்கள் இருக்கின்றன. பெங்களூரில் 2010-இல் தொடங்கிய மிலாப், மும்பையில் 2012-இல் தொடங்கிய கெட்டோ, 2014-இல் தொடங்கிய இம்பாக்ட் குரு ஆகியவை பலரும் அறிந்தவை. இவற்றுள் எதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. எதையும் குறைகூறவும் இல்லை. எந்தத் தளம் அதிகம் திரட்டித் தரும் என்றே பெரும்பாலோர் எங்களைக் கேட்கின்றனர். பணம் யாரிடம், எப்போது, எவ்வளவு குறைந்து வந்து சேரும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது எங்கள் கருத்து.

அதற்கும் முன்னதாக, உரிமையாய்க் கிடைக்க வேண்டியதைக் கேட்டுப் பெறுங்கள். நம் பகுதியில் தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதி. 2017 ஜனவரி முதல் இஎஸ்ஐக்கான ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். தொழிலாளியிடம் 0.75 விழுக்காடும் நிறுவனத்திடம் 3.25 விழுக்காடும் பெறப்படுகின்றன. தகுதிக்குரிய காலம் நிறைவுற்றிருந்தால் குடும்பத்தினருக்கும் உயர்சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அடங்கும். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு இசிஎச்எஸ் உள்ளது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்குப் பின்னும் எஞ்சும் தொகைக்கே இணையத்தை நாடுங்கள். சிறிய, உண்மையான இலக்கை நன்கொடையாளரும் எளிதில் நம்புவர்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கையில் பிடித்தங்களைக் கணக்கிடுங்கள். ஒரு தளம் 5 விழுக்காடு கட்டணமும், பணப் பரிமாற்றத்துக்கு 3 விழுக்காடும் பெறுவதாகக் கொள்வோம். 5,00,000 ரூபாய் திரண்டால் கட்டணம் 25,000. பரிமாற்றச் செலவு 15,000. இவ்விரண்டின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 7,200. ஆக 47,200 ரூபாய் போக, 4,52,800 ரூபாயே மிஞ்சும். விளம்பரம் செய்து தருவதாகத் தளம் சொன்னால், அச்செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ‘கட்டணம் இல்லை’ என்று அறிவிக்கும் தளங்கள் சில, நன்கொடையாளரிடமே ‘டிப்’ என ஒரு தொகையைக் கேட்கின்றன. அது தவறன்று, ஆனால் உங்கள் உறவினர் 1,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க நேர்ந்தது ஏன் என்று வினவினால் விடை சொல்ல வேண்டியவர் நீங்களே.

பணம் மருத்துவமனைக் கணக்குக்கு நேரே வருமாயின் அதையே தேர்ந்தெடுங்கள். கொடுப்பவர்க்கு அதில் ஐயம் எழாது. குடும்பத்துக்குள்ளும் மனக்கசப்பு வராது. சிகிச்சைக்குப் பின் மிஞ்சும் தொகை என்னாகும் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள்.

நோயாளர் நல அறக்கட்டளை நடத்துவோரும் இவ்விதழைப் படிக்கின்றனர். அவர்களுக்கும் ஒரு சொல். தனிநபருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது. பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு. அதற்குரிய 10பிஇ சான்றிதழை வழங்குவது அறக்கட்டளையின் பொறுப்பு. நன்கொடையாளரின் பெயரையும் பான் எண்ணையும் தராத தளம் உங்களுக்குப் பயன்படாது. தொழிற்பேட்டை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற, 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். வெளிநாட்டு நிதிக்கு எஃப்சிஆர்ஏ பதிவு கட்டாயம்.

மோசடிக்காரர்கள் உண்மையான வேண்டுகோளின் படத்தை எடுத்து, யுபிஐ எண்ணை மட்டும் மாற்றி வாட்ஸ்அப்பில் பரப்புகின்றனர். எனவே கியூஆர் குறியீட்டின் படத்தைப் பகிராமல், தளத்தின் முகவரியைப் பகிருங்கள். ஏமாற்று நடந்தால் உடனே 1930 எண்ணில் தெரிவித்து, ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்திலும் புகார் அளியுங்கள்.

இறுதியாகப் படங்கள் பற்றி. ‘முகத்தைக் காட்டினால்தான் பணம் வரும்’ என்கின்றனர். ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். பணமின்றித் தவிக்கும் பெற்றோரிடம் அதை மறுத்துப் பேச எங்களுக்கும் தயக்கமே. ஆயினும் இந்திய விளம்பரத் தரநிலைக் குழுமம் 2023-இல் அறப்பணி விளம்பரங்களுக்கு வகுத்த நெறிகள், துயருறுவோரின், குறிப்பாகக் குழந்தைகளின் கண்ணியம் குலையாதிருக்க வேண்டும் என்கின்றன. நாங்களும் அதையே வேண்டுகிறோம். நோயுறுமுன் எடுத்த படம் போதும். பதினாறு வயதுப் பிள்ளையிடம் ‘இப்படத்தைப் போடலாமா?’ என்று கேளுங்கள். பக்கத்தை முடித்தபின் படத்தை நீக்குவீர்களா என்று தளத்திடமும் கேளுங்கள்.

முதலில் சொன்ன அப்பெண் குணமடைந்தாள், கல்லூரியில் சேர்ந்தாள். மறுபரிசோதனைக்கு வந்த ஒருநாள், தந்தை வெளியே சென்றதும் மெல்லக் கேட்டாள்: “டாக்டர், நெட்ல இருக்கிற அந்த போட்டோவ எடுக்கச் சொல்ல முடியுமா?” வகுப்புத் தோழி ஒருத்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாளாம். நோய் போய் மூன்று ஆண்டுகள் ஆகியும் அப்படம் போகவில்லை. பல கடிதங்கள் எழுதிய பின்னரே அது நீங்கியது.

இன்று எங்கள் பிரிவில் மதிப்பீட்டுக் கடிதம் கேட்டு வருவோரிடம் முதலில் சம்பளச் சீட்டையும் குடும்ப அட்டையையும் கேட்கிறோம். பிறகு மருத்துவச் சமூகப் பணியாளரிடம் அனுப்புகிறோம். கடிதம் ஒருநாள் தாமதமாகலாம். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரிவுகளும் இதனைப் பின்பற்ற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். தயங்காமல் வந்து கேளுங்கள். நாங்களும் இனிக் கேட்கத் தவறமாட்டோம்.