சேற்றில் சுழலும் சக்கரமும் சங்கத்தின் பணமும்

காவிரியின் கடைமடையாகிய வேளாங்கண்ணி, கீழையூர்ப் பகுதிகளுக்கு மேட்டூர் நீர் எல்லோருக்கும் கடைசியாகவே வந்து சேர்கிறது. ஐப்பசி மழையோ காத்திருப்பதில்லை. இடைப்பட்ட சில நாள்களில் தொழி உழவு முடிந்தாக வேண்டும். அவ்வேளையில் டிராக்டரின் ஒரு பின்சக்கரம் களிச்சேற்றில் வீணே சுழல, மறுசக்கரம் அசையாது நிற்குமாயின் நாற்று முற்றுகிறது; நடவாட்கள் கரையில் காத்திருக்கிறார்கள்; வாடகை கொடுத்த அங்கத்தினர் நஷ்டப்படுகிறார். ஆதலால், சங்கத்தின் பழைய டிராக்டருக்கு ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்’ என்னும் கருவியைப் பொருத்தலாமா என்ற யோசனை எழுவது இயல்பே. அது சங்கப் பணத்துக்கு ஏற்ற செலவன்று என்பது நமது கருத்து. காரணங்களை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

வண்டி வளையும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு இடங்கொடுப்பதே டிஃபரென்ஷியல். ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். பாவின் ஒரு முனை தளர்ந்தால் மறுமுனையை எவ்வளவு இழுத்தும் விறைப்பு வராதென்பதை நெசவாளர் அன்பர்கள் அறிவார்கள். இங்கும் அதே நியாயந்தான். சேற்றிலுள்ள சக்கரம் 50 பங்கு விசையே தாங்குமெனில், கெட்டித் தரையிலுள்ளதற்கும் 50 பங்கே கிட்டும். ஆக மொத்தம் 100.

இக்குறையைப் போக்க, 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெர்டினாண்ட் போர்ஷே, பந்தயக் காருக்கென இசட்.எஃப். தொழிற்சாலையைக் கொண்டு நழுவலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலைச் செய்வித்தார். பிடிப்புள்ள சக்கரத்துக்கு இரு மடங்கு விசை தரும் கருவியாயின், மேற்சொன்ன கணக்கில் 50உம் 100உம் சேர்ந்து 150 ஆகும். இது லாபந்தான். ஆயினும், இரு சக்கரங்களின் பிடிப்பும் வேறுபடும் இடத்தில் மட்டுமே இந்த லாபம் உண்டு. தொழியில் பெரும்பாலும் இரு சக்கரங்களும் ஒரே சேற்றில் நிற்கின்றன. இரண்டும் ஒருங்கே வழுக்கும்போது பங்கீட்டை மாற்றி என்ன பயன்? அங்கு வேண்டுவது மண்ணைப் பற்றும் சக்கரமே. அதைத் தருவது இரும்புக் கூண்டுச் சக்கரம்.

பழைய இயந்திரத்தின் அமைப்பையும் எண்ண வேண்டும். 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பெர்குசன் டி.இ.20 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதில் கியர்களுக்கும், டிஃபரென்ஷியலுக்கும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் ஒரே எண்ணெய்தான். உராய்வுத் தட்டுகள் கொண்ட கருவியை உள்ளே வைத்தால், தட்டுகள் தேயுந்தோறும் அத்துகள் பம்பையும் சென்றடையும். கடைசல் பட்டறையில் தனியே செய்து பொருத்திய பாகம் கெட்டால் மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. உழவுப் பருவத்தில் வண்டி கொட்டகையில் கிடக்கும்.

‘பழைய வண்டியில் டிஃபரென்ஷியல் லாக் இல்லையே, வேறு வழி யாது?’ என்று கேட்கலாம். டி.இ.20இல் அந்தப் பூட்டு இல்லை என்பது மெய். ஆனால் இரு சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக் உண்டு. வீணே சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மெல்ல அழுத்தினால், மறுசக்கரத்துக்கு விசை கூடும். சாலையில் ஏறுமுன் இரு பிரேக்குகளையும் இணைத்துவிட வேண்டும். வேகத்தில் ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி கவிழும். பின்வந்த பல மாடல்களில் காலால் அழுத்தும் பூட்டு உண்டு. அது துருப்பிடித்துக் கிடந்தால் முதலில் அதைச் சீர்செய்க. சக்கரம் சுழலாதபோது பூட்டைப் போட வேண்டும். போட்டபின் வண்டியை வளைத்தலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது உயிர். புதைந்த டிராக்டரின் பின்சக்கரங்களில் கட்டையைக் கட்டி மேலேற்ற முயலும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். சக்கரம் சுழல இயலாதபோது எஞ்சின் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழுந்து ஓட்டுநர்மேல் மல்லாந்து விழ நொடிப்பொழுது போதும். பிடிப்பைக் கூட்டும் எக்கருவியும் புதைந்த வண்டியில் இவ்வபாயத்தை நீக்குவதில்லை. பின்னோக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். இயலாவிடில் வேறொரு டிராக்டரைக் கொண்டு தாழ்ந்த இடத்தில் சங்கிலி பூட்டி இழுக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவினர்க்கு நாம் சொல்வது இது. தீர்மானம் எழுதுமுன் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். எந்த வயலில், எத்தனை மணி நேரம், எக்காரணத்தால் வண்டி நின்றது என்று ஒரு பருவம் முழுவதும் பதியுங்கள். தேய்ந்த டயரா, கூண்டுச் சக்கரம் இன்மையா, நீர் வடியாத தாழ்வா, பயிற்சியற்ற ஓட்டமா என்பது அதில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் தீர்க்கும் செலவை, மீளும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். குறைந்த செலவில் அதிக மணி தருவது எதுவோ அதுவே முதற்செலவு. புதுமை எதுவும் நமக்குப் பகையன்று. ஆயினும் சங்கத்தின் பணம் பலர் சிறுகச் சேர்த்த பங்குத்தொகை. அது வீணே சுழலலாகாது.