வெட்கத்தின் மேல் போட்ட பழி

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் வராததற்கு அறியாமையும் வெட்கமுமே காரணம் என்பது மருத்துவ முகாம் மேடைகளில் தேய்ந்துபோன பேச்சு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள் என்று சொல்வதற்கு முன், அவர்களை யார், எங்கே கூப்பிட்டார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வு சான்று. பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தனர். வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதலடைந்த திசு வெளுத்துக் காட்டும். 30 முதல் 59 வயது வரை அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். ஐயத்துக்கிடமானவர்கள் 3,088 பேர். கருவி கொண்டு கூர்ந்து பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு அவர்களில் 3,052 பேர் உட்பட்டனர். விடுபட்டவர்கள் 36 பேர்தான். வெட்கம் அவ்வளவு பெரிய சுவராக இருந்திருந்தால் இந்தக் கணக்கு வந்திராது. மறுநாள் வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அலைக்கழிக்காமல் அதே வருகையில் அடுத்த கட்டமும் நடந்தது என்பதே இதன் சூட்சுமம். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடக்காத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

கூச்சமே இல்லை என்று சாதிப்பதற்கில்லை. ஆனால் அதில் பாதி, சரியாகச் சாத்தாத கதவுக்கும், வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி 'வெள்ளைப்படுதல் இருக்கா?' என்று கேட்கும் குரலுக்கும் உரியது. இந்நோயைத் தரும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனையில் பெண்ணே மறைவாகத் தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் பரிசோதனைக்குரிய எல்லாப் பெண்களுக்கும் இதைத் திறந்துவிட்டது. அங்கே கூச்சத்தைக் கண்டித்துக்கொண்டிராமல் வழியை மாற்றினார்கள்.

'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்ற பதிலையும் அறியாமைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நோய் வந்தபின் போகும் இடமாகவே ஆஸ்பத்திரியைப் பழக்கிவிட்ட ஊரில் அது நியாயமான பதில். போதாததற்கு, தமிழில் சோதனை என்றாலே துன்பம் என்றும் பொருள். வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகும், அதுவரை வலி இராது, இடையில் கண்டால் புற்றாகும் முன்பே நீக்கிவிடலாம் என்று ஒருவர் உட்கார்ந்து சொன்னால் அந்தப் பதில் மாறும். ஒலிபெருக்கி அதைச் செய்யாது.

மேடையில் சொல்லப்படும் அறிவுரை எல்லாம் ஒரே தரத்தவையும் அல்ல. மார்பகச் சுயபரிசோதனையை ஷாங்காயில் சுமார் 2,66,000 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான திசுச் சோதனைகள்தான் கூடின. 2002இல் வெளிவந்த முடிவு இது. கட்டி தென்பட்டால் உடனே மருத்துவரைப் பார்ப்பது வேறு செய்தி, அது அவசியம். மாதந்தோறும் தடவிப் பார்ப்பதையும் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, கேட்பவர் தயங்கினால் அவர்மேல் குற்றம் சொல்வது முறையல்ல.

திண்டுக்கல் ஆய்விலும் ஒரு குறை உண்டு. புற்றுக்கு முந்தைய மாறுதல் கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றனர். 2030க்கான உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு, பரிசோதனைக்கு 70 விழுக்காடு, நோய் கண்டவர்களின் சிகிச்சைக்கு 90. முகாம் மேடைகள் இந்த முதல் எண்ணைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. இரண்டாவது எண் எட்டாமல் போனால் வெட்கத்தைக் கைகாட்ட முடியாது.