யந்திரத்தை நம்பினார்கள், மனிதரை நம்பவில்லை!

பிரிட்டிஷ் தபால் ஆபீசுகளில் நடந்த கொடுமை

பிரிட்டனில் 900-க்கு மேற்பட்டவர்கள் கோர்ட்டில் தண்டனை பெற்றார்கள். "தபால் ஆபீஸ் பணத்தைத் திருடினார்கள்", "பொய்க் கணக்கு எழுதினார்கள்" என்பது அவர்கள் மீது குற்றச்சாட்டு. அவர்களுக்கு எதிரான முக்கிய சாட்சி ஒரு கம்ப்யூட்டர்! பல ஆண்டுகள் கழித்து, அந்தச் சாட்சியை நம்ப முடியாது என்று தெரியவந்தது.

பேரேட்டை மூடிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறும் வேலை இன்று உலகமெங்கும் நடக்கிறது. பாங்கிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும், சர்க்கார் ஆபீசுகளிலும் நடக்கிறது. இதை நடத்தி வைப்பது மேலதிகாரிகளின் பொறுப்பு.

பணம் இருந்தால் யந்திரத்தை வாங்கிவிடலாம். ஆனால் யந்திரம் ஒன்று சொல்லி, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வேறு ஒன்று சொன்னால் யாரை நம்புவது? அதிகாரிகளுக்கு வரும் பெரிய சோதனை இதுதான். பிரிட்டிஷ் தபால் நிர்வாகம் இந்தச் சோதனையில் தோற்றது.

கடையோடு சேர்ந்த தபால் ஆபீஸ்

பிரிட்டனில் பெரும்பாலான தபால் ஆபீசுகளை நிர்வாகம் நேரடியாக நடத்துவதில்லை. ஒப்பந்தத்தின் பேரில் தனி நபர்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்குத் துணைப் போஸ்ட் மாஸ்டர்கள் என்று பெயர். ஒரு பக்கம் மளிகைக் கடை இருக்கும். மறு பக்கம் தபால் தலை விற்பனை நடக்கும். பலர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள்.

1999-ம் ஆண்டு "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு இந்த ஆபீசுகளுக்கு வரத் தொடங்கியது. ஜப்பானின் புஜித்சு கம்பெனியைச் சேர்ந்த நிறுவனம் அதைத் தயாரித்தது.

விரைவிலேயே தொல்லை ஆரம்பித்தது. மாலையில் கணக்கு முடித்தால் பணம் குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று தெரியவில்லை. காகிதப் பேரேடாக இருந்தால் பக்கத்தைத் திருப்பித் தவறைக் கண்டுபிடிக்கலாம். யந்திரத்தின் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க அவர்களுக்கு வழி இல்லை.

8 ஆயிரம் 32 ஆயிரம் ஆனது!

2015-ல் ஸ்காட்லாந்தில் டல்மெல்லிங்டன் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 8 ஆயிரம் பவுன் கணக்கில் ஏற வேண்டும். (பவுன் என்பது பிரிட்டிஷ் நாணயம்.) பொத்தானை அழுத்தியும் திரை அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார்கள். ஒரே தொகை நான்கு முறை பதிவாகிவிட்டது. 8 ஆயிரம், 32 ஆயிரம் ஆனது! இல்லாத 24 ஆயிரம் பவுனுக்குக் கணக்கு காட்ட வேண்டிய நிலை.

தவறு இல்லாதபோதும் குறைந்த பணத்தைக் கட்டியாக வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கியது. பலர் வீட்டை விற்றார்கள். உறவினரிடம் கடன் வாங்கினார்கள். உதவி கேட்டு டெலிபோன் செய்தால், "வேறு யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு மட்டும்தான்" என்று பலருக்குப் பதில் வந்தது.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அவர்கள் மீதே வழக்கும் வந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையே தண்டனை பெற்றவர்களில் சுமார் 700 பேர் மீது தபால் நிர்வாகமே வழக்குத் தொடர்ந்தது. பலர் ஜெயிலுக்குப் போனார்கள். 2010-ல் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஜெயிலில் அடைக்கப்பட்டார்.

ஏன் நம்பவில்லை?

படித்த அதிகாரிகள் ஏன் இப்படி நடந்தார்கள்?

முதலாவது, கௌரவம். ஒரு ஆபீசில் யந்திரம் தவறியது என்று ஒப்புக்கொண்டால், எல்லா ஆபீஸ் கணக்கும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். முன்பு நடந்த வழக்குகளும் ஆட்டம் காணும். எனவே "யந்திரம் உறுதியானது" என்றே நிர்வாகம் சொல்லிவந்தது.

இரண்டாவது, யந்திரத்தின் உள் விவரங்களுக்கு அதிகாரிகள் கம்பெனியையே நம்பி இருந்தார்கள். துணைப் போஸ்ட் மாஸ்டருக்குத் தெரியாமல் வெளியில் இருந்து யாரும் அவரது கணக்கை மாற்ற முடியாது என்று நிர்வாகம் கூறிவந்தது. கம்பெனி ஊழியர்களால் அது முடியும் என்பது பிறகு கோர்ட்டில் நிரூபணம் ஆயிற்று.

மூன்றாவது, புகார்களை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு புகாரும் ஒரு தனித் திருட்டாகவே பார்க்கப்பட்டது. கம்ப்யூட்டர் வந்த பிறகு இத்தனை பேர் எப்படித் திருடர் ஆனார்கள் என்று கேட்டிருந்தால், உண்மை அன்றே வெளிவந்திருக்கும்.

ஒருவரின் விடாமுயற்சி

வேல்ஸ் பகுதியில் ஆலன் பேட்ஸ் என்பவர் தபால் ஆபீஸ் நடத்திவந்தார். யந்திரத்தின் கணக்கை அவர் ஏற்க மறுத்தார். 2003-ல் அவரது ஒப்பந்தம் பறிபோனது. அவர் ஓயவில்லை. தம்மைப் போல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார். 2009-ல் சங்கம் அமைத்தார். 555 பேர் சேர்ந்து ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. யந்திரத்தில் கோளாறுகள் இருந்தன என்று நீதிபதி பிரேசர் கூறினார். 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தாயிற்று. 2024 ஜனவரியில் இந்தக் கதை டெலிவிஷனில் நாடகமாக வந்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் மற்றவர்கள் பலரின் தண்டனைகளையும் ரத்து செய்து பார்லிமெண்டு சட்டம் இயற்றியது.

ஆனால் போன உயிர் திரும்புமா? இந்த அவலத்தால் 13 பேராவது தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணைக் குழு அறிக்கை கூறியது.

பாடம் என்ன?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்பது இதன் பாடம் அல்ல. லட்சக்கணக்கான கணக்குகளை நொடியில் கூட்ட மனிதனால் ஆகாது. ஆனால் புதிய யந்திரம் வரும்போது, பழைய பேரேடும் சில காலம் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வரும் புகார்களை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி எண்ண வேண்டும். குற்றம் சாட்டுகிறவரே விசாரணை அதிகாரியாகவும் இருக்கக்கூடாது.

"கணக்கு ஒத்து வரவில்லை" என்று ஒரு சிப்பந்தி வந்து சொன்னால், அதிகாரி முதலில் சோதிக்க வேண்டியது யந்திரத்தை. அவருடைய சட்டைப் பையை அல்ல.