தாலி கட்டினால் பாலிசி சேர்ந்துவிடாது

அமெரிக்கத் தமிழர் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால் கூடவே ஓர் அறிவுரையும் வந்துவிடும். "அவருக்குத்தான் சொந்த வீடு, ஹோம் இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கே, உனக்கு எதுக்கும்மா ரென்டர்ஸ் இன்சூரன்ஸ்? கல்யாணம் ஆனதும் கேன்சல் பண்ணிடு." சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு இரண்டு பாலிசி வீண்செலவு என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த அறிவுரை எதையெல்லாம் நம்பி நிற்கிறதோ, அவற்றில் பாதிக்கு மேல் பாலிசிக் காகிதத்தில் கிடையாது.

முதல் நம்பிக்கை, தாலி ஏறியதும் மனைவி தானாகவே கணவனின் பாலிசிக்குள் வந்துவிடுகிறாள் என்பது. அமெரிக்கக் கம்பெனிகளில் பல, ஐஎஸ்ஓ என்ற காப்பீட்டுத் துறை அமைப்பு வகுத்த பொதுப் படிவங்களையோ அவற்றைத் தழுவி எழுதியவற்றையோதான் பயன்படுத்துகின்றன. சொந்த வீட்டுக்கு எச்ஓ-3, வாடகை வீட்டுக்கு எச்ஓ-4. அவற்றின் வரையறைப் பகுதியில், பாலிசிதாரரின் வாழ்க்கைத்துணைக்கும் காப்பு உண்டு என்றுதான் இருக்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அவர் அதே குடும்பத்தில், அதே கூரையின் கீழ் வசிப்பவராக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, மாப்பிள்ளைக்கு டெக்சாஸ் பிரிஸ்கோவில் வீடு. பெண்ணுக்கு நியூஜெர்சி எடிசனில் அபார்ட்மென்ட், வேலையும் அங்கேயே. கல்யாணம் முடிந்தும் புராஜெக்ட் முடியும்வரை ஆளுக்கொரு ஊர். நம்மவர்களில் இப்படி எத்தனை ஜோடி இல்லை? இந்த நிலையில் அந்தப் பெண் தன் பாலிசியை ரத்து செய்தால், எடிசனில் இருக்கும் அவளுடைய பொருட்களுக்கு பிரிஸ்கோ பாலிசி பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னையில் காத்திருக்கும் மனைவிக்கும் இதே கதி நேரலாம்.

சரி, அவள் பிரிஸ்கோவுக்கே குடிவந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். லீஸ் முடிய மூன்று மாதம் இருக்கிறது. சோபாவும் கட்டிலும் எடிசனிலேயே கிடக்கின்றன. அப்போது கணவனின் பாலிசி கைகொடுக்கும், அளவோடு. வேறொரு வசிப்பிடத்தில் வழக்கமாக இருக்கும் பொருட்களுக்கு, உடைமைகளுக்கான காப்புத்தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அதுதான் உச்சவரம்பு. வாடகைக் கிடங்கில் போட்டுவைத்தாலும் புதிய படிவங்களில் இதே வரம்புதான். மாறாக, அவளுடைய பழைய ரென்டர்ஸ் பாலிசி உயிரோடு இருந்தால், பொருட்களை மாற்றத் தொடங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்கு, புது வீட்டில் இருப்பவற்றுக்கும் முழுத்தொகைவரை காப்பு உண்டு. வீடு மாற்றும்போதுதான் பொருட்கள் இரண்டு இடத்திலும் சிதறிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்தா பாலிசியைக் கைவிடுவது? போதாக்குறைக்கு, லீஸ் முடியும்வரை இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளும் அபார்ட்மென்ட்களும் நிறைய.

அடுத்த நம்பிக்கைதான் நம் வீடுகளில் அதிகம் கையைக் கடிக்கும். இரண்டு பாலிசி ஒன்றானால் இரண்டின் காப்பும் கூடி நிற்கும் என்று நினைக்கிறோம். கூடுவதில்லை. சில இடங்களில் பாதியாகிறது. நகையை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் படிவத்தில் நகை, கைக்கடிகாரம், ரத்தினம் எல்லாம் சேர்த்துத் திருட்டு இழப்பீட்டுக்கு 1,500 டாலர்தான் உச்சவரம்பு. இது ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கல்ல. ஒரு திருட்டுக்கு, மொத்த வீட்டுக்கும் இவ்வளவு. தனித்தனியே இருந்தபோது அவனுக்கு ஒரு 1,500, அவளுக்கு ஒரு 1,500. சேர்ந்தபின் இருவருக்கும் ஒரே 1,500. வீட்டில் நகை ஏறுகிற வருஷத்தில் காப்பு இறங்குகிறது.

தங்கம் அவுன்சுக்கு 3,000 டாலரைத் தாண்டியது 2025-இல். அந்த விலைக்கே 22 காரட் தங்கம் ஒரு பவுன் சுமார் 700 டாலர். தாலிக்கொடியைக்கூட விடுங்கள், மூன்று பவுன் சங்கிலி ஒன்று போனாலே பாலிசி தருவது போதாது. கல்யாணத்துக்குப் பெரியவர்கள் கொடுத்த தங்கக் காசுகள் இன்னும் பரிதாபம். நாணயமும் கட்டித் தங்கமும் ரொக்கப் பணத்தோடு ஒரே வகையில் வருகின்றன. திருட்டோ தீ விபத்தோ, எதுவானாலும் மொத்தமாக 200 டாலர். குத்துவிளக்கு, வெள்ளிச் சொம்பு, தட்டுகள் திருட்டுப் போனால் 2,500 வரை. பேங்க் லாக்கரில் வைத்துவிட்டேன், கவலையில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எஃப்டிஐசி காப்பு டெபாசிட்டுக்குத்தான், லாக்கருக்குள் இருப்பதற்கு இல்லை.

இதற்கு வழி உண்டு. நகைகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு பாலிசியில் தனிப்பட்டியலாகச் சேர்க்கலாம். அதற்குத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும். ஆனால் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் தொலைந்த நகைக்கும் அதில் பொதுவாகக் காப்பு கிடைக்கும். டி.நகர் ரசீதும் போட்டோவும் இருந்தால் நல்ல தொடக்கம். அமெரிக்காவில் ஒரு நகைமதிப்பீட்டாளரின் சான்றும் இருந்தால் கம்பெனி பொதுவாக மறுபேச்சு பேசாது.

"எப்படியும் பணம் மிச்சம்தானே?" என்பது மூன்றாவது. மாதம் பதினைந்து, இருபது டாலர் மிச்சம், உண்மைதான். இழப்பில் நாமே ஏற்க வேண்டிய தொகையான டிடக்டிபிளையும் பாருங்கள். 1,200 டாலர் லேப்டாப் திருட்டுப் போகிறது. 500 டாலர் டிடக்டிபிள் உள்ள ரென்டர்ஸ் பாலிசியில் 700 கைக்கு வரும். வீட்டு பாலிசியில் டிடக்டிபிள் 2,500 என்றால் ஒரு பைசா வராது. இன்னொன்றும் உண்டு. ஒருவரின் பழைய கிளெய்ம்கள் க்ளூ என்ற பதிவேட்டில் ஏழு ஆண்டுவரை நிற்கும். துணையின் பெயரைச் சேர்க்கும்போது அவருடைய வரலாறும் கூடவே வரலாம். கல்யாணத் தள்ளுபடியை எதிர்பார்த்துப் போனவருக்குப் பிரீமியம் ஏறி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, எதிர்த்திசையில் நடக்கிற கூத்து. வீட்டுக்காரரே மனைவியின் வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறார். சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது வாடகைக்கு விடப்படுகிறது. "பாலிசிதான் கட்டிக்கொண்டிருக்கிறோமே" என்ற தைரியம் இங்கே செல்லாது. எச்ஓ-3 என்பது பாலிசிதாரர் தானே குடியிருக்கும் வீட்டுக்கானது. காலியான வீடு 60 நாளுக்கு மேல் தொடர்ந்து அப்படியே கிடந்தால், யாராவது புகுந்து அடித்து நொறுக்கினாலும் அந்தச் சேதத்துக்குப் பொதுப் படிவத்தில் காப்பு இல்லை. வாடகைக்கு விட்டால், வீட்டை வாடகைக்கு விடுபவருக்கான வேறு பாலிசி எடுத்தாக வேண்டும்.

எனவே ஏஜென்டிடம் முகூர்த்தத் தேதியைச் சொல்லி ரத்து செய்யச் சொல்லாதீர்கள். இருவரும் ஒரே வீட்டில் குடியேறி, கடைசிப் பெட்டியும் வந்து சேர்ந்த தேதியைச் சொல்லுங்கள். இருவர் பெயரும், நகைப் பட்டியலும் ஏறிய புதிய டிக்ளரேஷன் பக்கத்தைக் கையில் வாங்கிய பிறகு பழையதை நிறுத்துங்கள். இடைப்பட்ட வாரங்களுக்குக் கூடுதலாக ஆகிற செலவு ஒரு குடும்பச் சாப்பாட்டு பில்லைத் தாண்டாது. முன்கூட்டியே கட்டிய பிரீமியத்தில் மீதியும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.