கிண்ணத்தில் குடிக்காத விருந்தாளி

நெய்வேலியில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இது பழகிய காட்சிதான். தோட்டத்து வேலியில் ஊர்ந்த பச்சோந்தியை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "அம்மா, இதை வளர்க்கப் போகிறேன்!" என்று வந்து நிற்பான் பிள்ளை. நீங்களும் மனமிரங்கி ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிடி சோறும் வைப்பீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் வைத்தது வைத்தபடியே இருக்கும். அதன் கண்கள் மட்டும் குழி விழுந்திருக்கும்.

பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தாகம்! இலைமேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்தே பழகிய ஜீவன் அது. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் அதன் கண்ணில் படுவது அபூர்வம். சோறும் ஆகாது, வெட்டுக்கிளி, ஈ போன்ற உயிருள்ள பூச்சிகள்தான் அதற்கு ஆகாரம். அவற்றைப் பிடிக்கத் தன் உடல் நீளத்துக்கு நாக்கை வீச வேண்டும். பெட்டிக்குள் அதற்கு இடமேது?

நிலக்கரி வெட்டுவதற்காக நிலத்தடி ஊற்றை இரவு பகலாக இறைக்கிற ஊர் நெய்வேலி. அங்கே ஒரு வாயில்லாப் பிராணி, நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே தாகத்தால் சாகலாமா?

பச்சோந்திக்கு விஷம் கிடையாது, பயப்படாதீர்கள். அதை வீட்டில் வளர்ப்பது 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகையால், பிடித்த இடத்திலேயே ஒரு செடியின் கிளையில் விடச் சொல்லுங்கள்.

பிள்ளையின் முகம் வாடுமே என்கிறீர்களா? ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, இலைகளின்மேல் தெளிக்கச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி நின்று, சத்தம் போடாமல் பார்க்கட்டும். விருந்தாளி துளித்துளியாக நக்கிக் குடிக்கும் அழகைக் கண்டால், பெட்டியை அவனே மறந்துவிடுவான்!