கோல் அடிச்சவரா, அடிக்க வெச்சவரா? ஐஸ் ஹாக்கியின் 'ஆல் டைம் பெஸ்ட்' யார்?

2025 ஏப்ரல் 6. நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணிக்கு எதிரான மேட்ச். வாஷிங்டன் கேபிடல்ஸ் வீரர் அலெக்ஸ் ஒவெச்கின் அடித்த பக் (அதுதான் ஐஸ் ஹாக்கியின் 'பந்து', கறுப்பு ரப்பர் வட்டு) வலைக்குள் பாய்ந்தது. அடுத்த நொடி மனிதர் பனித்தளத்தில் குப்புற விழுந்து சறுக்கிக் கொண்டாடினார். ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். காரணம், அது என்.ஹெச்.எல் லீகில் அவருடைய 895-வது கோல். வெய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனை உடைந்தது. கேலரியில் இருந்த கிரெட்ஸ்கியே இறங்கி வந்து வாழ்த்தினார்.

அப்போ இனிமேல் ஒவெச்கின்தான் நம்பர் ஒன்னா? 'சச்சினா, கோலியா' சண்டை தெரியும்தானே? கனடாவில் அதே சூட்டில் நடக்கும் சண்டை இது. போட்டியில் இருப்பவர்களை வரிசையாகப் பார்ப்போம்.

கோலை எல்லாம் கழிச்சாலும் முதலிடம்!

முதலில் ஒரு சின்ன கணக்கு. கோல் அடித்தால் ஒரு பாயின்ட். அந்த கோலுக்குப் பாஸ் கொடுத்தவருக்கும் ஒரு பாயின்ட். அதற்குப் பெயர் அசிஸ்ட். ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்கு அசிஸ்ட் கிடைக்கும்.

1999-ல் கிரெட்ஸ்கி ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 894 கோல், 1,963 அசிஸ்ட். மொத்தம் 2,857 பாயின்ட். பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் யாரோமிர் யாகருக்கு கோல், அசிஸ்ட் எல்லாம் சேர்த்தே 1,921. அதாவது கிரெட்ஸ்கி வாழ்க்கையில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், முதலிடம் அவருக்குத்தான்!

"80-களில் கோல் மழை பொழிஞ்சது பாஸ், யார் வேணா அடிச்சிருக்கலாம்" என்பார்கள். உண்மைதான். 1981-82 சீசனில் ஒரு மேட்ச்சுக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் போட்டன. 2003-04-ல் அது ஐந்துக்குச் சற்று மேலே. ஆனால் அந்த மழை எல்லோருக்கும்தானே பெய்தது? ஒரே சீசனில் 200 பாயின்ட்டைத் தாண்டியவர் கிரெட்ஸ்கி மட்டும்தான். அதுவும் நான்கு முறை.

முழங்கால் மட்டும் ஒத்துழைச்சிருந்தா...

பாஸ்டன் ரசிகர்களிடம் கேட்டால் யோசிக்காமல் 'பாபி ஓர்' என்பார்கள். இவர் டிஃபென்ஸ் வீரர். அதுவரை டிஃபென்ஸ் என்றால் எதிரணியைத் தடுப்பதுதான் முதல் வேலை. ஓர் பக்கை எடுத்துக்கொண்டு எதிரணி வலை வரை போனார். லீகில் அதிக பாயின்ட் எடுத்தவருக்கான விருதை இரண்டு முறை வென்றார். வேறு எந்த டிஃபென்ஸ் வீரருக்கும் அது ஒருமுறைகூட வாய்க்கவில்லை.

ஆனால் இடது முழங்கால் கைவிட்டது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். இன்று சின்ன துளை வழியாகச் செய்யும் முழங்கால் சிகிச்சை அன்று பரவலாக இல்லை. 30 வயதில், 1978-ல் விடைபெற்றார். மொத்தம் ஆடியது 657 மேட்ச்தான். கிரெட்ஸ்கி ஆடிய 1,487-ல் பாதிகூட இல்லை. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மனிதர் கண்ணுக்கே தெரிய மாட்டார்.

52 வயது தாத்தாவும், புற்றுநோயை வென்றவரும்

கோர்டி ஹவ், கிரெட்ஸ்கியின் சின்ன வயசு ஹீரோ. ஹவ்வின் 9-ம் நம்பர் ஜெர்ஸி டீமில் வேறொருவரிடம் இருந்ததால்தான் கிரெட்ஸ்கி 99-ஐ எடுத்தார். ஹவ் தன் மகன்களோடு ஒரே அணியில் ஆடியவர். 1979-80 சீசனில், 52 வயதைத் தொட்ட நேரத்தில், 80 மேட்ச்சையும் விடாமல் ஆடி 15 கோல் போட்டார்.

மரியோ லெமியூ கதை வேறு. 1993 ஜனவரியில் அவருக்கு ஹாட்ஜ்கின் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்த அதே நாள் இரவு ஃபிலடெல்ஃபியாவில் களமிறங்கி கோல் அடித்தார். எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். 60 மேட்ச் மட்டுமே ஆடியும், அந்த சீசனில் அதிக பாயின்ட் அவருக்குத்தான்.

ஆண்கள் பட்டியலோடு ஏன் நிறுத்த வேண்டும்? கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றவர். பின்லாந்தில் ஆண்கள் புரொஃபஷனல் லீகிலேயே கோல் அடித்தவர். பிறகு படித்து டாக்டரும் ஆனார்.

சரி, யாருக்கு ஓட்டு?

என் ஓட்டு கிரெட்ஸ்கிக்கு. அந்த 894-க்காக இல்லை. அது எப்படியும் உடைந்துவிட்டது. 1,963-க்காக.

ஒரு உதாரணம் போதும். பெர்னி நிக்கோல்ஸ் என்று ஒரு வீரர். லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணியில் பல வருடம் ஆடியும் ஒரு சீசனில் 50 கோலைத் தொட்டதில்லை. 1988-ல் கிரெட்ஸ்கி அந்த அணிக்கு வந்தார். அந்த சீசனில் நிக்கோல்ஸ் அடித்தது 70 கோல்! அதற்குப் பிறகு அவர் 50-ஐத் தொடவே இல்லை.

மறுப்பும் இருக்கிறது. கிரெட்ஸ்கி விட்டுப் போன எட்மன்டன் ஆயிலர்ஸ் 1990-ல் அவர் இல்லாமலே ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவரோ அதன் பிறகு ஒரு கோப்பைகூட வெல்லவில்லை. ஆனால் அந்த 1990 அணியின் முக்கிய வீரர்கள் பலர் அவரோடு ஆடி வளர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோல் அடித்தவர் பெயர்தான் மறுநாள் தலைப்பில் வரும். பாஸ் கொடுத்தவர் பெயர் கடைசிப் பத்தியில், இடம் இருந்தால். வீட்டில் குட்டீஸ் மேட்ச் ஆடிவிட்டு வந்தால் "எத்தனை கோல் போட்டே?" என்றுதான் நாமும் கேட்கிறோம். அடுத்த முறை "யாருக்குப் பாஸ் கொடுத்தே?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.